பன்னிரண்டு இடது தோள்கள்

போன மாதம் விளையாட்டுப் பயிற்சியாளர்கள் மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். தங்கள் சங்க இதழுக்கு என் வேலைக்கால அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். பேச்சுவாக்கில் அவர்களில் ஒரு பெண் தன் பையிலிருந்து ஓர் அச்சடித்த படிவத்தை எடுத்துக் காட்டினாள். வீரர்கள் ஓடுகிற வேகத்தில் எவ்வளவு சட்டென்று திசை திரும்புகிறார்கள் என்று அளந்து குறிக்கிற படிவம் அது. "இப்பல்லாம் கம்பத்துக்குக் கம்பம் லைட்டு வெச்சிருக்கோம் சார். ஆள் தாண்டினதும் அதுவே நேரத்தை எடுத்துக்கும். உங்க காலத்துல எப்படி சார்?" என்று கேட்டாள்.

எனக்கு லைட்டில் கவனம் போகவில்லை. படிவத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று இடப்பக்கத் திருப்பத்துக்கு, ஒன்று வலப்பக்கத் திருப்பத்துக்கு. நடுவில் ஒரு கோடு. உலகத்தில் இந்தக் கோட்டை முதலில் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் தொழிற்சாலையில் அதைப் போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் அப்பா எண்ணூர் உப்பளத்தில் வேலை செய்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் குமாஸ்தா ஆவேன் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். நான் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்புக்கு ஒரு வருஷம் போனேன். அப்பாவுக்கு அது கடைசிவரை புரியவில்லை. "ஓடுறதுக்கா சர்ட்டிபிகேட்டு? நான் பாத்தியில ஓடாத ஓட்டமா?" என்பார். படிப்பு முடிந்து ஆறு மாதம் சும்மா திரிந்தபின், திருவொற்றியூரில் ஓர் இரும்புத் தொழிற்சாலையின் தொழிலாளர் நலப் பிரிவில் உதவிப் பயிற்சியாளன் வேலை கிடைத்தது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்திரண்டு வயசு. ஒரு வருஷம் தற்காலிகம்; அதற்குள் பெயர் கெட்டால் வெளியே.

எனக்கு மேலதிகாரி ஹவில்தார் ஞானமுத்து. பட்டாளத்தில் உடற்பயிற்சி கொடுத்தவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு தடவை சொல்லுவார்; காதில் விழவில்லை என்றால் நம் பாடு. காலையில் மைதானத்துக்கு வந்ததும் பாக்கெட்டிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்து, சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, தொழிற்சாலைக் கடிகாரத்தோடு ஒரு முழு நிமிஷம் ஒத்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் எனக்கு வணக்கம் சொல்லுவார். அந்த வாட்ச் ஒரு நொடியை ஐந்து கோடாகப் பிரித்துக் காட்டும். அதற்கு மேல் நுணுக்கம் அன்றைக்கு எங்களிடம் கிடையாது.

எங்கள் மைதானம் பாய்லர் சாம்பல் கொட்டி உருளை ஓட்டி இறுக்கினது. அதன் ஒரு பக்கத்தில் ஹவில்தாரின் சோதனைக் களம். முப்பது அடி நீளம், பதினைந்து அடி அகலம். நாலு மூலையிலும் நாலு மூங்கில் கம்பு, நடுவில் வரிசையாக நாலு கம்பு. தரையில் பதித்த குழாய்த் துண்டுகளில் கம்புகளைச் செருகுவோம். நீளத்தைத் தார் பூசின கயிற்றால் அளக்க வேண்டும். கடற்காற்றில் சாதாரணக் கயிறு ஈரம் குடித்து நீளும் என்பார். ஒவ்வொரு கம்பிலும் ஓர் ஆட்டு மணி கட்டியிருப்பார். ஓடுகிறவன் கம்பில் உரசினால் மணி அடிக்கும். அந்த ஓட்டம் செல்லாது.

ஓடுகிறவன் களத்தின் இடது மூலையில், தரையில் பதித்த ஓர் இரும்புப் பட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்திருக்க வேண்டும். விசில் அடித்ததும் எழுந்து எதிர்க் கம்புவரை ஓடி, சுற்றித் திரும்பி, நடுக்கம்புகளுக்குள் பாம்பு மாதிரி நெளிந்து போய், அப்படியே நெளிந்து வந்து, மறு பக்கத்துக் கம்பைச் சுற்றிக்கொண்டு வலது மூலையில் முடிக்க வேண்டும். மூன்று தடவை. "நல்லதை எழுதினா அது அதிர்ஷ்டம் வே. கெட்டதை எழுதினா அது தூக்கமில்லாத கண்ணு. நடுவுல வாரதுதான் ஆளு" என்று சொல்லி, மூன்றில் நடுவாக வரும் நேரத்தைத்தான் ஏட்டில் ஏற்றுவார். பதினெட்டு நொடியைத் தாண்டக் கூடாது.

இந்தச் சோதனைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், எங்கள் சடுகுடு அணியில் இடம் கிடைத்தால் தொழிற்சாலையில் நிரந்தர வேலையும் கிடைக்கும். முன்பெல்லாம் அதிகாரியின் மச்சான், அவருடைய மச்சான் என்று ஆள் வந்துகொண்டிருந்தார்களாம். தகராறு முற்றி, நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து ஹவில்தாரின் வாட்ச் சொல்வதுதான் முடிவு என்று ஒப்புக்கொண்டார்கள்.

நான் சேர்ந்த வருஷம் ஓர் இடம் காலியாயிற்று. பாடிப் போகிற ஆட்டக்காரன் ஒருத்தன் வேண்டும். பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் ஏழுமலை.

ஏழுமலையை எங்கள் அணிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். தண்டையார்பேட்டைத் தெரு அணி ஒன்றுக்கு ஆடி, எங்கள் ஆட்களை இரண்டு தடவை மண் கவ்வ வைத்தவன். ராயபுரத்தில் துறைமுகச் சரக்கு வந்து இறங்கும் ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். காலையில் மேஸ்திரி கைகாட்டினால் வேலை, கப்பல் வராவிட்டால் சும்மா. மனைவிக்கு ஏழாவது மாதம். சோதனைக்கு முன்னால் என்னிடம், "சார், இது ஒண்ணு கெடச்சா போதும் சார். காலைல எழுந்து எவன் கையைப் பாக்கறதுன்னு இல்லாம, நேரா சங்கு ஊதற எடத்துக்குப் போயிட்டே இருப்பேன்" என்றான்.

அவன் ஓடினான். பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்த வேகம் புயல் மாதிரி இருந்தது. கம்பிடம் போனதும் வண்டி மாடு மாதிரி அகலமாக வளைந்தான். மணி அடித்தது. திரும்ப ஓடச் சொன்னோம். அப்போதும் அப்படித்தான். வேலியோரம் நின்ற எங்கள் அணிக் கேப்டன் வரதன், "இன்னா ஏழுமல, ரோடு பத்தலியா? ஜி.என்.டி. ரோட்டத் தொறந்து வுடச் சொல்லட்டா?" என்று கத்தினான். ஒரே சிரிப்பு. நடு நேரம் பத்தொன்பதுக்கு மேல் போயிற்று.

ஏட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஓர் இடம் உண்டு. அதை நிரப்புவது என் வேலை. எனக்கு என் கையெழுத்தின் மேல் ரொம்பப் பெருமை. அழகாக எழுதினேன்: 'திசை திரும்பும் திறன் இல்லை.'

ஏழுமலைக்குப் படிக்கத் தெரியாது. மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, "இன்னா சார் எழுதிக்கினு கீற?" என்றான். படித்துக் காட்டினேன்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. "எனக்கா?" என்று மட்டும் கேட்டான். "எனக்கா சார் திரும்பத் தெரியாது?"

பட்டியலில் பதினேழு நொடி நாலு கோட்டில் முதலாவதாக வந்தவன் முனுசாமி, வரதனின் சித்தப்பா மகன். ஆனால் விதிப்படி யாருக்கும் ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை ஓட உரிமை உண்டு. அதுவரை இடம் நிரப்பப்படாது. ஏழுமலை தன் பெயரை மறுபடி பதியச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தண்டையார்பேட்டைக்குப் போய், ஆட்டம் பார்க்கிற கூட்டத்தோடு உட்கார்ந்தேன். ஒரு காகிதத்தில் அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தேன். பாடிக்கொண்டு உள்ளே போனான், ஏழு பேருக்கு நடுவில் ஒருத்தனைத் தொட்டான், மின்னல் மாதிரி திரும்பினான், கோட்டைத் தாண்டினான். ஆட்டம் முடிந்தபோது என் காகிதத்தில் இடப்பக்கத்தில்தான் கோடுகள் இருந்தன. வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. அவன் எப்போதும் எதிரணிக் களத்தின் ஒரே ஓரத்தில்தான் நுழைகிறான். இடப்பக்கம் திரும்பித்தான் வெளியே வருகிறான். பார்த்தவர்களும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் ராயபுரம் கிடங்குக்குப் போனேன். அங்கேதான் எனக்கு விளங்கியது.

ரயில் வேகனிலிருந்து கோதுமை மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர். மூட்டை வலது தோளில், வலது கை மேலே பிடித்தபடி, தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். மூட்டை மறைப்பதால் வலப்பக்கம் எதுவும் தெரியாது. வேகன் வாசலில் ஏற்றிக்கொண்டு, பலகை மேல் நடந்து, கிடங்குக்குள் அடுக்கில் எறிந்துவிட்டு, இடப்பக்கமாகத் திரும்பி, மறு வாசல் வழியாக மறுபடி வேகனுக்கு. பன்னிரண்டு பேரும் ஒரே வட்டம், ஒரே திசை. வட்டம் நிற்பதே இல்லை. வலப்பக்கம் திரும்பினால் பின்னால் வருகிறவன் மூட்டை முகத்தில் இடிக்கும்.

"எத்தினி வருஷமா இப்படி?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"பதினாலு வயசுல வந்தேன். பன்னெண்டு வருஷம் ஆவுது."

"ஒரு நாளாவது இந்தப் பக்கம் திரும்பி இருக்கியா?" என்று வலப்பக்கம் கைகாட்டினேன்.

அவன் வேகனையும் கிடங்கையும் மாறி மாறிப் பார்த்தான். "வூட்டுக்குப் போவ திரும்புவேன்" என்றான்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு மைதானத்துக்கே வந்து சேர்ந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்று தெரிந்தது. சாம்பல் தரையில் கம்புகளைச் சுற்றி ஒரு தடம் பள்ளமாக விழுந்திருந்தது. இடது மூலைப் பட்டையில் ஆரம்பித்து வலது மூலை வரைக்கும். தொழிற்சாலைப் பிள்ளைகள் எல்லாரும் வருஷக்கணக்காக அந்த ஒரே மூலையிலிருந்து ஓடிப் பழகிய தடம். அந்த வழியில் முழு உடம்பையும் திருப்ப வேண்டிய இடங்களை எண்ணினேன். நாலு. அதில் மூன்று வலப்பக்கம்.

ஹவில்தாரிடம் படம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த சோதனையில் குறை சொல்லப் போகிறவன், வேலை நிலைக்காத ஒரு பொடியன்.

அவர் படத்தைப் பார்த்தார். "அப்ப என்ன செய்யணும்ங்கீரு? வலது மூலையில இருந்து அவனை ஓட விட்டா மூணு திருப்பம் இடப்பக்கமா வந்துரும். அவன் செயிச்சிருவான். அதானே?"

"ஆமா சார்."

"நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். அவனுக்கு எந்த மூலை? சோதனை என்ன, ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கிற சட்டையா வே?"

அவர் படத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "முதல்ல நம்ம அணி ஆட்களை ரெண்டு மூலையில இருந்தும் ஓட விட்டுப் பாரும். தாள்ல எழுதிக் கொண்டாரும். வாயால கொண்டாராதியும்."

நாலு மாலை வேளைகள் அதற்கே போயின. ஷிப்டு முடிந்து பசியோடு வந்த ஆட்களைக் கெஞ்சித்தான் ஓட வைத்தேன். வலது மூலையிலிருந்து ஓடியதும் எல்லார் முகமும் மாறிற்று. ஒருத்தன் வழி மறந்து நடுவில் நின்றான். ஒருத்தன் இரண்டு மணியை ஒன்றாக அடித்தான். எங்கள் கேப்டன் வரதன், அந்தக் களத்தில் யாரும் தொட முடியாத நேரம் வைத்திருந்தவன், இரண்டு நொடி பின்தங்கினான்.

"கம்பு அங்கியேதான் கீது. என் காலு எங்கியோ போவுதே!" என்று சிரித்துச் சமாளித்தான். அப்புறம் நான் எழுதுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இன்னா மாஸ்டர், எங்க பேரையெல்லாம் கெடுத்து அந்த மூட்டக்காரன உள்ள இட்டுனு வரலாம்னு பாக்கறியா? உனக்கே இன்னும் வேல பர்மனெண்டு ஆவல. ஞாபகம் வெச்சிக்க."

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹவில்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். வரதனின் வரியில் விரல் நின்றது. "இத்தனை வருசம் நான் இவனுவ வேகத்தை அளக்கேன்னு நினைச்சேன். பாடத்தை ஒப்பிச்சிருக்கானுவ" என்றார்.

மறுநாள் காலை நான் போனபோது சட்டையைக் கழற்றிக் கம்பில் மாட்டிவிட்டு, கடப்பாரையால் வலது மூலையில் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதுசாக வெட்டின இன்னொரு இரும்புப் பட்டை. நான் கடப்பாரையை வாங்கப் போனேன். "என் தப்பு. நான்தான் தோண்டணும்" என்றார்.

பட்டையைப் பதித்து மண்ணைத் தட்டிய பின்தான் புது விதியைச் சொன்னார். இனி எல்லாரும் இரண்டு மூலையிலிருந்தும் ஓட வேண்டும். இரண்டில் எது மெதுவாக வருகிறதோ அதுதான் கணக்கு.

"மெதுவானதா?" என்றேன்.

"எதிராளி உம்ம நல்ல பக்கத்துக்கா விடுவான்? எந்தப் பக்கம் வராதோ அந்தப் பக்கம்தான் தள்ளுவான். நம்ம அணிக்கும் இதான். இந்த இடத்துக்கு வாரவனுக்கும் இதான்."

ஏழுமலைக்கு வழி திறக்கிறேன் என்று போய், அவனால் முடியாத அந்த ஒரு பக்கத்தையே வாசலாக்கி வைத்துவிட்டேன். ஆனால் ஹவில்தார் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் கொடுமை.

அவனிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலைத்துண்டை உதறினான். "நல்லா வந்து நல்லது பண்ணியே நைனா! குழில வுழுந்தவனத் தூக்கறேன்னு மேல மண்ணத் தள்ளிட்ட."

"இன்னும் மூணு வாரம் கீது. பழகலாம்."

"பன்னெண்டு வருஷத்த மூணு வாரத்துல மாத்தறியா?" என்று கேட்டுவிட்டு, "சரி, காலைல வர்றேன்" என்றான்.

ஐந்து நாள் விடிந்ததும் வந்தான். கம்புகளைச் சுற்றி வலப்பக்கம் ஓட வைத்தேன். மூளை சொல்வதை உடம்பு கேட்கவில்லை. அரை மணி நேரம் பழகுவான். பிறகு பகல் முழுதும் நூறு தடவை இடப்பக்கம் திரும்பிவிட்டு மறுநாள் வருவான். ஆறாம் நாள் அவனே சொன்னான்: "சார், இங்க பழகி ஆவாது. தூக்கற எடத்துலதான் மாத்தணும். மூட்டைய எடது தோள்ல வெச்சா, சோத்தாங்கைப் பக்கம் திரும்பித்தான ஆவணும்?"

அன்றைக்கே செய்து பார்த்திருக்கிறான். இடது தோளில் மூட்டையோடு வலப்பக்கம் திரும்பியவன், பின்னால் வந்தவன் மேல் நேராகப் போய் மோதினான். இரண்டு மூட்டையும் கிழிந்து கோதுமை கொட்டிவிட்டது. மேஸ்திரி பக்கிரி அவனை வட்டத்தை விட்டு வெளியே தள்ளினார். பக்கிரி அறுபதை நெருங்கினவர், வாயைத் திறந்தால் வசவுதான்.

நான் பயந்துபோய் மறுநாள் கிடங்குக்கு ஓடினேன். தப்பு என்னுடையது, அவனை வேலையை விட்டு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டேன். பக்கிரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அந்தக் கம்பு வாத்தியாரா? ஏன்யா, படிச்சவன்தான நீ? ஒருத்தன் மட்டும் எதிர்ல வந்தா மூட்ட கிழியாம இன்னா ஆவும்? பன்னெண்டு பேரும் தோள மாத்தினா எவன் எவன இடிப்பான்?"

அவர் சொல்வது எனக்குப் புரியவே சில நொடிகள் ஆயின. ஆட்களுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒருத்தன், "அவனுக்கு வேல, எனக்குத் தோள் வீங்கணுமா? நல்லா கீதே மேஸ்திரி ஞாயம்!" என்றான். இன்னொருவன், "காய்ச்சிப் போன தோள் இதுதான். அது பச்சத் தோளு. ரெண்டு நாளுல தோல் உரிஞ்சிடும்" என்றான். அது உண்மைதான். வருஷக்கணக்கில் மூட்டை உரசி வலது தோள் எல்லாருக்கும் செருப்புத் தோல் மாதிரி இறுகியிருந்தது. இடது தோள் சாதாரண மனுஷத் தோள்.

பக்கிரி தலைத்துண்டை அவிழ்த்து நாலாக மடித்துத் தன் இடது தோளில் போட்டுக்கொண்டார். "இந்தக் கேங்குல இருந்து ஒருத்தனாவது மாசம் முழுக்க வேல கீற ஆளா போவட்டும்டா. பேசறவன் பேசு, தூக்கறவன் வா" என்று சொல்லி வேகன் வாசலில் போய் முதுகைக் கொடுத்தார்.

வட்டம் திரும்பியது. நான் நின்று பார்த்தேன். முதல் நாள் தள்ளாட்டமும் வசவும்தான். "டேய் ஏழுமல, உனக்குப் பொறக்கற புள்ளைக்கு என் பேருதான் வெக்கணும், சொல்லிட்டேன்!" என்று ஒருத்தன் பலகை மேலிருந்து கத்தினான். "உன் பேரு வெச்சா அது பள்ளிக்கூடம் போவாதுடா" என்றான் ஏழுமலை, இடது தோளில் மூட்டையோடு. இரண்டு வாரம் அப்படியே சுற்றினார்கள். தோலுரிந்த இடத்தில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டார்கள். யாரும் பழைய தோளுக்கு மாறவில்லை. ஏழுமலை காலையில் என்னிடம் அரை மணி நேரம் கம்பைச் சுற்றுவான், பகலெல்லாம் மூட்டையோடு வலப்பக்கம் திரும்புவான். பத்தாம் நாள் ஒரு மணியும் அடிக்காமல் ஓடி முடித்தான். எழுந்த வேகம் திருப்பத்திலும் குறையவில்லை.

சோதனை நாள் வந்தது. காலையில் ஹவில்தார் வாட்சை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"என் கட்டைவிரலை நான் நம்பல சார். அவன் ஜெயிக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு. ஒரு கோடு முன்னாடி அமுக்கிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றேன்.

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றார். பிறகு வேலியோரம் நின்ற வரதனைக் கூப்பிட்டார். "அவன் தோக்கணும்னு நினைக்கிறவன் இங்க நீரு ஒருத்தர்தான். நீரு பிடியும்."

வரதன் முகம் கறுத்தது. ஆனால் வாங்கிக்கொண்டான். ஒரே ஒரு வாட்ச். முள்ளைப் பார்க்கப் போவது அவன் ஒருத்தன்தான்.

முனுசாமி முதலில் ஓடினான். அவனும் இந்த மாதம் சும்மா இருக்கவில்லை. இரண்டு மூலையும் ஓடி முடித்தபோது அவனுடைய மெதுவான பக்கம் சரியாகப் பதினெட்டு. ஏழுமலை வெல்ல வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் பதினெட்டுக்குக் கீழே வர வேண்டும்.

வலது மூலையிலிருந்து, அதாவது தனக்குப் பழகின பக்கமாக, பதினேழுக்கும் கீழே ஓடி முடித்தான். அது எங்களுக்குத் தெரிந்ததுதான். இடது மூலைக்கு வந்து குப்புறப் படுத்தான். வேலிக்கு அப்பால் பக்கிரியும் கேங் ஆட்களும் வந்து நின்றிருந்தார்கள். எல்லார் இடது தோளிலும் மடித்த துண்டு.

முதல் ஓட்டம்: பதினெட்டு, இரண்டு கோடு. இரண்டாவது: பதினேழு, மூன்று கோடு. மூன்றில் நடுவாக வருவதுதான் கணக்கு. ஆகவே மூன்றாவது ஓட்டம் பதினெட்டுக்குக் கீழே வந்தே தீர வேண்டும்.

விசில். எழுந்தான். எதிர்க் கம்பில் வலப்பக்கம் திரும்பினான். அந்தத் திருப்பத்தில் இடது தோள் தானாகவே கொஞ்சம் இறங்கியது. மேலே மூட்டை இருக்கிற மாதிரி. நடுக்கம்புகளுக்குள் நெளிந்தபோது மூன்றாவது மணி காற்றில் ஆடியது, ஆனால் அடிக்கவில்லை. கடைசித் திருப்பம், வலது மூலைப் பட்டை. வரதன் கட்டைவிரல் அமுங்கியது.

வரதன் வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. நிமிர்ந்து, "பதினேழு. நாலு கோடு" என்றான்.

"அண்ணே!" என்று முனுசாமி கத்தினான்.

"இன்னா அண்ணே? முள்ளு அங்கதான் நிக்குது. நானா புடிச்சித் தள்ளினேன்?" என்று சொல்லி, வாட்சை ஹவில்தார் கையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்தான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "ஏழுமல, நாளான்னிக்கி பிராக்டீஸ். லேட்டா வந்தா வெளியவே நிக்க வெப்பேன்" என்றான்.

ஹவில்தார் ஏட்டைத் திறந்து, நேரம் எழுதுகிற கட்டத்தின் நடுவில் அடிகோல் வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டார். இடது பக்கம் ஒரு நேரம், வலது பக்கம் ஒரு நேரம். பிறகு குறிப்பு எழுத ஏட்டை என் பக்கம் தள்ளினார். பழைய பக்கத்தில் நான் எழுதியிருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். புதுப் பக்கத்தில் 'இருபக்கமும் திரும்புகிறார்' என்று எழுதி, ஏழுமலைக்குப் படித்துக் காட்டினேன். "இது இன்னா புதுசா? அன்னிக்கே நான் சொல்லல?" என்றான்.

திங்கட்கிழமை அவனுக்கு முதல் நாள் வேலை. சங்கு ஊதியது, அவன் வரவில்லை. கால் மணி ஆயிற்று. இருபது நிமிஷம் கழித்து, உடம்பெல்லாம் கோதுமைத் தூசியோடு ஓடி வந்தான்.

"எங்கடா போன?"

"கேங்குக்கு சார். இன்னிக்கி வட்டத்த மறுபடி பழைய பக்கமா திருப்பணும்ல? திருப்பறப்ப எவனாவது பழக்கத்துல எதிர்ல வந்தா இடிச்சிக்குவானுங்க. எனக்காவ மாத்துனது. நானே முதல் மூட்ட தூக்கி, வலது தோள்ல வெச்சி, முன்னால நடந்து ஒரு சுத்து சுத்திக் காட்டிட்டு வந்தேன்."

தாமதமாக வருகிறவர்களின் ஏடு எங்கள் பிரிவில் என் பொறுப்பு. 'காரணம்' என்ற இடத்தில் பேனாவை வைத்து யோசித்தேன். 'பழைய வேலையை முறைப்படி ஒப்படைத்துவிட்டு வந்தார்' என்று எழுதினேன்.

ஹவில்தார் அதைப் படித்தார். வாட்சை எடுத்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.